தடித்த எழுத்தா, வண்ணமா, அடிக்கோடா? விற்பனை மின்னஞ்சலில் எதை எப்படி அழுத்திச் சொல்வது

விற்பனை மின்னஞ்சலை எழுதி முடித்ததும் பலரும் கடைசியாக ஒரு வேலை செய்கிறார்கள். மேலிருந்து கீழாக ஒருமுறை படித்து, முக்கியம் என்று தோன்றும் சொற்களையெல்லாம் தடித்த எழுத்தாக்குகிறார்கள். ஒன்றிரண்டைச் சிவப்பாக்குகிறார்கள். கடைசி தேதிக்கு அடிக்கோடு போடுகிறார்கள். எழுதியவர் கண்ணுக்கு மடல் இப்போது முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். ஆனால் அவர் மடலை ஏற்கெனவே முழுதாக அறிந்தவர். பெறுபவர் அப்படியல்லர், நாற்பது மடல்களுக்கு நடுவில் இதையும் ஒரு கண் பார்த்துவிட்டு நகரப்போகிறவர். அவருக்கு எந்த வழியில் எதை எடுத்துக்காட்டுவது என்பதை மடலைத் தொடங்கும்போதே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த முடிவை எடுக்க உதவியாக, நமக்குக் கிடைக்கும் வழிகளை இங்கே ஒன்றோடொன்று ஒப்பிடுகிறேன். தமிழில் மடல் அனுப்புவோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஏனெனில் ஆங்கில மடல்களுக்கான அறிவுரைகளில் பாதி நம் எழுத்துக்குப் பொருந்துவதில்லை.

எழுத்தை வேறுபடுத்திக் காட்டுவது ஏன் வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் 1933-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே மாதிரியான பல பொருள்களுக்கு நடுவே மாறுபட்டு நிற்கும் ஒன்று மற்றவற்றைவிட நன்றாக நினைவில் தங்குகிறது என்பது அதன் சாரம். இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஒன்று தனித்து நிற்பதால்தான் தங்குகிறது. ஐந்து வெவ்வேறு இடங்களில் சொற்கள் தடித்திருந்தால் ஐந்தும் தங்கள் தனித்தன்மையை இழக்கின்றன. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கம் ஒன்றைப் பார்த்தவர்களில் 79 சதவீதத்தினர் அதை மேலோட்டமாகவே மேய்ந்தனர். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதத்தினரே. அந்த ஆய்வு இணையப் பக்கங்களைப் பற்றியது என்றாலும், விற்பனை மடலை அதைவிட நிதானமாக யாரும் படிப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஒரு மடலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தடித்த எழுத்து வரும் இடங்களை நட்சத்திரக் குறிகளுக்குள் காட்டுகிறேன்.

"எங்கள் *ஒளிப்படப் பயிற்சி வகுப்பு* அடுத்த மாதம் தொடங்குகிறது. *அனுபவமிக்க ஆசிரியர்கள்* *எட்டு வாரங்கள்* நடத்தும் இந்த வகுப்பில் *தொடக்கநிலையினரும்* சேரலாம். *முன்பதிவுச் சலுகை* வெள்ளிக்கிழமையுடன் முடிகிறது. *இன்றே* பதிவு செய்யுங்கள்."

தடித்த சொற்களை மட்டும் கோத்துப் படியுங்கள்: ஒளிப்படப் பயிற்சி வகுப்பு, அனுபவமிக்க ஆசிரியர்கள், எட்டு வாரங்கள், தொடக்கநிலையினரும், முன்பதிவுச் சலுகை, இன்றே. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான். மடலை அனுப்பியதற்கே காரணமாக இருந்த வெள்ளிக்கிழமை இந்த வரிசையில் இல்லை. எழுதியவர் தனக்குப் பெருமையான சொற்களைத் தடிப்பாக்கினார். வாசகர் முடிவெடுக்கத் தேவையான சொல் மெலிந்தே கிடக்கிறது. நான் திருத்தக் கொடுக்கப்படும் மடல்களில் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான். அதனால் எந்த மடலையும் அனுப்பும் முன் தடித்த சொற்களை மட்டும் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். அவை தனியாக நின்றும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாத் தடிப்பையும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவது நல்லது.

அதே மடல், திருத்திய பிறகு:

"ஒளிப்படப் பயிற்சி வகுப்புக்கான முன்பதிவுச் சலுகை *வெள்ளிக்கிழமை இரவுடன் முடிகிறது*. வகுப்பு அடுத்த மாதம் தொடங்கி எட்டு வாரங்கள் நடக்கும். கேமராவை இதுவரை தொட்டிராதவரும் சேரலாம்."

அதன் கீழே பதிவு செய்வதற்கான பொத்தான் ஒன்று. வேறெதுவும் வேண்டாம். "அனுபவமிக்க ஆசிரியர்கள்" எங்கே போனார்கள் என்று கேட்கலாம். ஆசிரியரின் பணியைப் பற்றி உறுதியான ஒரு தகவல் இருந்தால் அதை எழுதலாம். வெறும் அடைமொழியைத் தடித்த எழுத்தில் போட்டாலும் அது அடைமொழியாகவே இருக்கும்.

தடித்த எழுத்து

எழுத்தின் தோற்றத்தை மாற்றும் வழிகளில் முதலிடம் இதற்கே. பெரும்பாலும் எல்லா மின்னஞ்சல் செயலிகளிலும் இது மாறாமல் போய்ச் சேரும். கறுப்பு வெள்ளையிலும் தெரியும். வாசகருக்கு இதன் பொருள் பழக்கமானது. வேறு எதனுடனும் குழம்பாது.

ஆனால் தமிழ் எழுத்தில் தடிப்புக்கு ஒரு விலை உண்டு. எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக வரையப்பட்டிருந்தால் அது அழகாக வரும். விண்டோஸில் உள்ள நிர்மலா, ஆண்ட்ராய்டில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றில் அப்படி வரையப்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. எழுத்துருவில் அது இல்லாதபோது செயலியே எழுத்தைச் செயற்கையாகத் தடிப்பாக்கும். கோடுகளை அகலப்படுத்திவிடும், அவ்வளவே. அப்போது சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் சிறிய திரையில் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். புள்ளி அதன் கீழுள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கையோடு நாமே ஒரு நல்ல எழுத்துருவை அனுப்பிவிடலாமே என்றால், அதற்கும் தடை உண்டு: ஆப்பிள் மெயில் அதை ஏற்கும், ஜிமெயில் ஏற்காது. வாசகரின் கருவியில் எந்த எழுத்துரு இருக்கிறதோ அதில்தான் மடல் தெரியும். இதற்குச் செய்யக்கூடியது எளிது. தமிழ் மடலின் எழுத்தளவைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள், வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள், தடிப்பை நான்கைந்து சொற்களுக்குள் நிறுத்துங்கள். முழுப் பத்தியையும் தடித்த எழுத்தில் போட்டால் கண் அதை ஒரு கறுப்புக் கட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிவிடும்.

இன்னொன்று, வேற்றுமை உருபுகள். "வெள்ளிக்கிழமைக்குள்" என்ற சொல்லில் "வெள்ளிக்கிழமை" வரை தடித்துவிட்டு "க்குள்" என்பதை மெலிதாக விடுவதை அடிக்கடி காண்கிறேன். நம் சொல் உருபோடு சேர்ந்து ஒன்றாகவே கண்ணில் படுகிறது. நடுவில் தடிப்பு மாறினால் படிப்பவர் அங்கே ஒரு நொடி இடறுவார். நிரல்வழி தானாக நிரப்பப்படும் மடல்களில் நிலைமை இன்னும் மோசமாகலாம்: வடிவமைப்புக் குறி மெய்யெழுத்துக்கும் அதன் உயிர்க்குறிக்கும் இடையே விழுந்துவிட்டால், 'வை' என்பதன் கொம்பு தனியே பிரிந்து ஒரு புள்ளிவட்டத்தோடு நிற்கும். உருபு உட்பட முழுச் சொல்லையும் தடிப்பாக்குங்கள்.

எண்களுக்கு இந்தத் தடிப்புகூடத் தேவையில்லை என்பது என் அனுபவம். வளைந்து வளைந்து ஓடும் தமிழ் வரிக்குள் '30' என்று ஓர் எண் வந்தாலே அது தனியாகத் தெரிகிறது. "முப்பது சதவீதத் தள்ளுபடி" என்று எழுதித் தடிப்பாக்குவதைவிட "30 சதவீதத் தள்ளுபடி" என்று சும்மா எழுதுவது மேல்.

வாக்கியமே செய்யும் வேலை

ஒப்பீட்டுப் பட்டியல்களில் இதை யாரும் சேர்ப்பதில்லை. எனக்கோ இதுதான் பட்டியலின் தலையில் இருக்க வேண்டியது. ஆங்கிலத்தில் சொல் வரிசை பெரும்பாலும் இறுக்கமானது. அழுத்தம் வேண்டுமென்றால் எழுத்தின் வடிவத்தை மாற்றத் தோன்றுவது இயல்பு. தமிழில் அந்த நெருக்கடி இல்லை. "சலுகை வெள்ளிக்கிழமை முடிகிறது" என்று எழுதினால் ஒரு தகவல். "சலுகை முடிவது வெள்ளிக்கிழமை" என்று திருப்பிப் போட்டால் அழுத்தம் முழுதும் கிழமையின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. "வெள்ளிக்கிழமை வரை மட்டுமே சலுகை" என்றால் இன்னும் இறுக்கம். ஏகாரமும் 'தான்' என்ற இடைச்சொல்லும் இதற்கென்றே இருக்கின்றன. இவை எந்தச் செயலியிலும் கெடாது, எந்த வண்ணத்திரையிலும் மங்காது, மடலை ஒருவர் உரக்கப் படித்தாலும் காதில் விழும்.

இடமும் அப்படித்தான். பத்தியின் முதல் வாக்கியம், தனியாக நிற்கும் ஒற்றை வரி, இரண்டு பத்திகளுக்கு இடையே விட்ட வெற்றிடம் ஆகிய மூன்றும் கண்ணை நிறுத்துகின்றன. நீல்சனின் குழுவினர் 2006-ல் 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்தபோது, பார்வை முதல் வரிகளில் இடமிருந்து வலமாக நன்றாக ஓடி, கீழே போகப் போக இடது ஓரத்திலேயே சரிந்து இறங்குவதைக் கண்டார்கள். ஆக, ஆறாவது பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தடிப்பாக்குவதைக் காட்டிலும் அந்த வாக்கியத்தை முதல் பத்திக்குத் தூக்கிக்கொண்டு வருவதே பலன் தரும்.

தடித்த எழுத்துக்கும் வாக்கிய அமைப்புக்கும் இடையே தேர்வு என்று வந்தால், முதலில் வாக்கியத்தைத் திருத்துங்கள். அதன் பிறகும் அந்தச் சொல் தவறிப்போகும் என்ற அச்சம் இருந்தால் தடிப்பைச் சேருங்கள். இந்த வரிசையில் செய்தால் தடிப்பு தானாகவே ஒன்றிரண்டு இடங்களுக்குச் சுருங்கிவிடும்.

சாய்வெழுத்து

தமிழ் மடலில் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்படவில்லை. செயலி நேர் எழுத்தையே பிடித்து ஒரு பக்கமாகச் சாய்க்கும். கொம்பும் துணைக்காலும் கோணலாகி அடுத்த எழுத்தின்மேல் விழும். சாய்வு மென்மையான அழுத்தத்தைத் தரும் என்பது லத்தீன் எழுத்துக்கு உண்மை; அந்த மரபு நம் அச்சில் வேரூன்றவில்லை. நூல் பெயரையோ ஒருவர் கூற்றையோ வேறுபடுத்த மேற்கோள் குறி போதும்.

அடிக்கோடு

கையெழுத்துக் காலத்தில் அடிக்கோடுதான் அழுத்தத்தின் அடையாளம். திரையில் அதன் பொருள் மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது. அடிக்கோடு கண்டால் வாசகர் அதைத் தொட்டுப் பார்க்கிறார். தொட்டு ஒன்றும் திறக்காவிட்டால் இரண்டு விதமாக நினைப்பார்: மடல் உடைந்திருக்கிறது, அல்லது தன் கருவியில் ஏதோ கோளாறு. இரண்டுமே உங்கள் உண்மையான இணைப்பை அவர் தொடும் வாய்ப்பைக் குறைக்கும். வாசகரின் விரலை வரவழைத்து வெறுங்கையோடு அனுப்புவது விற்பனை மடல் செய்யவே கூடாத காரியம்.

தமிழில் எழுத்து சார்ந்த சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 'கு', 'மு', 'ழ', 'ஞ' என்று கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்துகள் நம்மிடம் ஏராளம். கோடு அவற்றின் காலை வெட்டிக்கொண்டு போகும். அல்லது புதிய உலாவிகளில் எழுத்து இறங்கும் இடமெல்லாம் கோடு விட்டு விட்டு வரும். "முழுமையான குறிப்புகளுக்கு" என்ற தொடருக்கு அடிக்கோடு போட்டுப் பாருங்கள், கோடு துண்டு துண்டாகத் தெரியும்.

ஆகவே அடிக்கோட்டை இணைப்புக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இணைப்புக்கு மட்டும் அதைத் தவறாமல் போடுங்கள். வண்ணத்தை மட்டும் மாற்றிவிட்டு அடிக்கோட்டை எடுத்துவிடும் பழக்கமும் பரவியிருக்கிறது. வண்ணம் பிரித்தறிய இயலாதவருக்கு அங்கே இணைப்பு இருப்பதே தெரியாது.

வண்ணமும் பின்னணி நிறமும்

விற்பனை மடல் எழுதுவோருக்குச் சிவப்பின்மேல் ஒரு மோகம் உண்டு. அவசரத்தைக் காட்டச் சிவப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். அந்த வழக்கம் மூன்று இடங்களில் சறுக்குகிறது.

முதலாவது, படிக்கும் தெளிவு. இணைய அணுகல் நெறிமுறைகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிவேறுபாடு வேண்டும் என்கின்றன. வெள்ளைப் பின்னணியில் கலப்பற்ற சிவப்பு தருவது ஏறக்குறைய 4:1 மட்டுமே. கறுப்பு எழுத்தோ 21:1. அதாவது மிக முக்கியம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்த சொல்லை, மடலிலேயே படிக்கக் கடினமான சொல்லாக மாற்றிவிட்டீர்கள். ஆரஞ்சு இன்னும் மோசம். ஏறக்குறைய 2:1-தான் வரும்.

இரண்டாவது, பார்ப்பவரின் கண். ஐரோப்பிய வழியினரில் ஏறக்குறைய 12 ஆண்களில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. பிற மக்களிடமும் இது அரிதன்று. இதில் ஒரு வகையினருக்குச் சிவப்பு இருண்டு, கறுப்புக்கு அருகில் தெரியும். அவர்களுக்கு உங்கள் சிவப்புச் சொல் மற்ற சொற்களோடு கலந்துவிடும். அழுத்தம் இருந்ததற்கான தடயமே இராது.

மூன்றாவது, இருள் தோற்றம். கைபேசியை இருண்ட திரையில் வைத்துப் படிப்பவர்களின் செயலிகள் மடலின் வண்ணங்களைத் தம் விருப்பத்துக்கு மாற்றுகின்றன. சில எதையும் தொடுவதில்லை. சில வெளிர் பின்னணியை மட்டும் இருட்டாக்குகின்றன. சில மொத்தமாகப் புரட்டிப் போடுகின்றன. மஞ்சள் பின்னணியிட்ட வரிதான் இதில் அதிகம் அடிபடுவது. எழுத்தை வெள்ளையாக்கிவிட்டு மஞ்சளை அப்படியே விட்டுவிடும் செயலியில் அந்த வரியைப் படிக்கவே முடியாது. உங்கள் மேசையில் பளிச்சென்று தெரிந்த வரி, வாசகர் கையில் வெறும் மஞ்சள் பட்டையாகிவிடுகிறது.

வண்ணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே தடித்த எழுத்தில் உள்ள சொல்லுக்கு ஆழ்ந்த நிறம் ஒன்றைத் துணையாகக் கொடுக்கலாம். வண்ணம் மறைந்தாலும் தடிப்பு மிஞ்சும். வண்ணம் தனியாக எந்தப் பொருளையும் சுமக்கக் கூடாது என்பதே விதி. பின்னணி நிறத்தை நான் தவிர்க்கிறேன். ஒரு கட்டம் அவசியம் என்றால், நிறம் பூசாமல் மெல்லிய எல்லைக்கோடு போட்ட கட்டம் அதைவிடப் பத்திரமானது.

எழுத்தளவு, துணைத்தலைப்பு, படம்

துணைத்தலைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட செய்திகள் உள்ள மடலுக்கு இன்றியமையாதது. வரிக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் பெரிதாக்குவது வேறு கதை. அது வரி இடைவெளியைக் கலைக்கும், மடலுக்கு மலிவான தோற்றம் தரும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவதும் தமிழுக்கு ஆகாது. சொல் சிதறித் தெரியும்.

ஆங்கில மடல்களில் நடக்கும் பேரெழுத்து விவாதம் நமக்கு இல்லை, தமிழில் பேரெழுத்தே இல்லாததால். ஆனால் தமிழ் மடலுக்கு ஆங்கிலத்தில் தலைப்பு வரி வைப்பவர்கள் அதை முழுதும் பேரெழுத்தில் அடிப்பதைப் பார்க்கிறேன். ஸ்பாம் அசாசின் என்ற குப்பை மடல் வடிகட்டியில் முழுப் பேரெழுத்துத் தலைப்புக்கென்றே ஒரு விதி இருக்கிறது. பின்னணியோடு மங்கலாகக் கலந்த எழுத்துக்கும் அதில் தனி விதி உண்டு. ஒரு விதியில் சிக்கியதால் மட்டும் மடல் குப்பைக்குப் போய்விடாது. வடிகட்டி புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்கிறது. இருந்தாலும் அந்தக் கூட்டலுக்கு நாமே ஏன் எண் கொடுக்க வேண்டும்?

முக்கிய வரியைப் படமாக்கி வைப்பது சிலருக்குப் பிடித்த வழி. எழுத்துருச் சிக்கல் எதுவும் இல்லை, அழகாக வருகிறது என்பார்கள். படங்களைத் தடுத்து வைத்திருக்கும் செயலியில் அங்கே வெறும் கட்டம்தான் இருக்கும். பின்னாளில் அந்தத் தேதியைத் தேடுபவருக்கும் அது கிடைக்காது, படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் பெரும்பாலும் சிக்குவதில்லை. அலங்காரத்துக்குப் படம் வைக்கலாம். செய்தி எழுத்தாகவே இருக்கட்டும்.

பொத்தான்

மேலே சொன்னவை எல்லாம் வாசகர் எதை அறிய வேண்டும் என்பதற்கானவை. அவர் எதைச் செய்ய வேண்டும் என்பதற்குப் பொத்தானே சரி. ஒரு மடலில் ஒரே வகையான பொத்தான். அதன்மேல் நடக்கப்போவதைச் சொல்லும் சொற்கள். "இங்கே சொடுக்கவும்" என்பதைவிட "வகுப்பில் பதிவு செய்ய" என்பது மேல், ஏனெனில் பொத்தான்களை மட்டும் தாவித் தாவிப் படிப்பவருக்கும் அதில் செய்தி கிடைக்கிறது. பொத்தானைப் படமாக்காமல் நிறமிட்ட எழுத்துக் கட்டமாகவே அமையுங்கள். விண்டோஸில் இயங்கும் பழைய வகை அவுட்லுக், 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், மடல்களை வேர்டு மென்பொருளின் இயந்திரத்தைக் கொண்டே காட்டுகிறது. வளைந்த மூலைகள் அங்கே நேராகிவிடும், அதனால் பாதகமில்லை. பொத்தானின் சொற்கள் தெரிந்தால் போதும்.

எந்த மடலுக்கு எது

தனி ஒருவர் பெயரில், கடிதம் போல எழுதப்படும் மடலில் வடிவமைப்பே வேண்டாம் என்பேன். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் நாம் தடித்த எழுத்தும் மஞ்சள் பூச்சும் போடுவதில்லை. அவை வந்தவுடன் அது விளம்பரம் என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார். வாக்கிய அமைப்பும் ஓர் இணைப்பும் அங்கே போதுமானவை.

பல செய்திகளைத் தொகுத்து அனுப்பும் செய்திமடல் நேர் எதிரானது. அதை யாரும் வரிசையாகப் படிக்கப்போவதில்லை. துணைத்தலைப்புகள் கட்டாயம், ஒவ்வொரு பகுதியிலும் தடித்த தொடர் ஒன்றே ஒன்று, அதுவும் தேவைப்பட்டால்.

கடைசி நாள் நினைவூட்டலிலும் சந்தா புதுப்பிப்பிலும் தேதிதான் செய்தி. அதைத் தலைப்பு வரியில் வையுங்கள், முதல் வாக்கியத்தில் வையுங்கள், அங்கே தடிப்பாக்குங்கள், பொத்தான் கொடுங்கள். அதற்குமேல் ஒரு சிவப்புச் சொல்கூட வேண்டியதில்லை. தேதி வந்துவிட்டால் அவசரம் தானே வந்துவிடும்.

தள்ளுபடி அறிவிப்பில் மட்டும் நான் கொஞ்சம் தளர்வேன். பெரிய எண், ஆழ்ந்த நிறம் ஒன்று, பொத்தான் ஆகிய மூன்றும் சேரலாம். ஆனால் நிபந்தனைகளைச் சிறிய சாம்பல் எழுத்தில் அடியில் ஒளித்து வைத்துவிட்டு எண்ணை மட்டும் பெரிதாக்குவதை நான் ஏற்க மாட்டேன். எதைப் பெரிதாகக் காட்டுகிறோம், எதை மங்கலாக விடுகிறோம் என்பதில் நாணயம் இருக்கிறது. வாங்கப்போகிறவரின் முடிவை மாற்றக்கூடிய நிபந்தனை எதுவானாலும் அதுவும் எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே தெளிவோடு நிற்க வேண்டும்.

வடிவமைப்பு போய்ச் சேராத இடங்கள்

தலைப்பு வரியிலும் அதை அடுத்துத் தெரியும் முன்னோட்ட வரியிலும் எந்த வடிவமைப்பும் வராது. ஆங்கிலத்தில் சிலர் யூனிகோடில் கணிதத்துக்காக உள்ள தடித்த எழுத்துகளை எடுத்துத் தலைப்பில் போடுகிறார்கள். தமிழில் அப்படிப்பட்ட எழுத்துகள் இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன், ஏனெனில் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்கள் அவற்றைச் சொற்களாகப் படிக்காமல் ஒவ்வொரு எழுத்தாக உடைத்துப் படிக்கின்றன, அல்லது விட்டுவிடுகின்றன.

பார்வையற்ற வாசகர்களின் திரைவாசிப்பான்களில் பெரும்பாலானவை, தனியாக அமைத்துக்கொண்டாலொழிய, தடித்த எழுத்தைக் குரலில் வேறுபடுத்துவதில்லை. துணைத்தலைப்பை அறிவிக்கின்றன, இணைப்பை அறிவிக்கின்றன. வாக்கியத்தால் அழுத்தம் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் அது கேட்கும். மடலோடு சேர்த்து அனுப்பும் வெறும் எழுத்து வடிவத்திலும் இதே நிலைதான். வடிவமைப்பெல்லாம் உதிர்ந்துபோன அந்த வடிவத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். முக்கியமானது எது என்று அதிலும் தெரிந்தால் மடல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

நீளத்தையும் பார்க்க வேண்டும். ஜிமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டிய மடலை வெட்டி, மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னால் மறைக்கிறது. மின்னஞ்சலில் வழக்கமாகப் பயன்படும் குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். 'கொ' போன்ற எழுத்துக்கு ஆறு. வேர்டிலிருந்து வெட்டி ஒட்டிய வடிவமைப்பு ஒவ்வொரு சொல்லைச் சுற்றியும் தேவையற்ற குறிகளைச் சேர்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் தமிழ்ச் செய்திமடல் சீக்கிரமே வெட்டுக்கு ஆளாகும். வெட்டுப்படும் அடிப்பகுதியில் சந்தா விலக்கும் இணைப்பு இருந்தால் வாசகரின் எரிச்சல் புகாராக மாறும். வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு, தடிப்பை மடல் கருவியிலேயே கொடுங்கள்.

எது வென்றது என்று எப்படி அறிவது

மடலின் உடலில் செய்யும் மாற்றத்தைத் திறப்பு விகிதத்தை வைத்து அளப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மடலைத் திறந்த பிறகுதான் தடித்த எழுத்து கண்ணில் படும். திறப்பதை அது எப்படி மாற்ற முடியும்? அதோடு 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த மின்னஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்புக்குப் பிறகு, அதைப் பயன்படுத்தும் வாசகர் திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. பார்க்க வேண்டியது இணைப்பைத் தொட்டவர்களின் விகிதத்தை. அதைவிட, பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை.

பட்டியலை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்குத் தடிப்போடும் மறுபாதிக்குத் தடிப்பின்றியும் அனுப்பிச் சோதிக்கலாம். ஆனால் எண்ணிக்கை போதுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். தொடும் விகிதம் 3 சதவீதத்திலிருந்து 3.5 ஆக உயர்ந்ததா என்பதை வழக்கமான புள்ளியியல் நம்பகத்தோடு சொல்ல, ஒவ்வொரு பாதியிலும் ஏறக்குறைய 20,000 பேர் வேண்டும். 3-லிருந்து 4 ஆனதா என்று பார்க்கவே ஐயாயிரத்துக்கு மேல் வேண்டும். இரண்டாயிரம் பேர் உள்ள பட்டியலில் ஒரே ஒரு சோதனை செய்து "சிவப்பு வென்றது" என்று அறிவிப்பது வெறும் தற்செயலை விதியாக்குவதாகும்.

சிறிய பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு வேறு சோதனை இருக்கிறது. மடலைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கைபேசியில் அதைக் காட்டுங்கள். ஐந்து விநாடி கழித்துத் திரையை மூடிவிட்டு, இதில் என்ன சொல்லியிருக்கிறது, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் தேதியையும் செயலையும் சொன்னால் மடலை அனுப்பலாம். வேறு எதையோ சொன்னால் தடிப்பைக் கூட்டாதீர்கள். அவர் சொன்ன சொல் மடலில் எங்கே இருக்கிறது, அதற்கு ஏன் அந்த இடம் கிடைத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.